கடைசியாக நம்பிய மாணவிக்கு மட்டும் தண்டனை

அனுப்புநர்
பள்ளி வேன் ஓட்டுநர்
(பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பிரிவு மாணவி ஒருவரின் தந்தை),
பெண்கள் பள்ளிக்கு எதிரில் உள்ள வேன் நிறுத்தம்.

பெறுநர்
உயர்திரு மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
தேர்வுத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: இயற்பியல் செய்முறைத் தேர்வு – பிறர் சொல்லக் கேட்டு எழுதியதாக மூவரில் ஒரு மாணவிக்கு மட்டும் இரண்டாண்டுத் தடை – தடையை நீக்கக் கோருதல் – சார்பாக.

பார்வை: 1. விசாரணைக் குழுவின் ஆணை.
2. மாணவியின் தாயார் பள்ளி வழியாக அனுப்பிய மனு (பதில் வரவில்லை).
3. அதே மனு இரண்டாம் முறை (அதற்கும் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் தேர்ச்சி பெற்றுவிட்டாள். மதிப்பெண் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. ஆகவே இது என் வீட்டுக் குறையைச் சொல்லும் மனு அல்ல. அவளோடு ஒரே மேசையில், ஒரே கருவியை வைத்துத் தேர்வு செய்த இன்னொரு பெண்ணுக்காக எழுதுகிறேன். ‘உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?’ என்று கேட்டவர்கள் உண்டு. தாங்களும் கேட்கக்கூடும். பதிலை மனுவின் முடிவில் வைத்திருக்கிறேன். அதுவரை பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாணவியர் மூவரும் சிறு வயதினர் என்பதால் பெயர்களும் பதிவெண்களும் தனி உறையில் உள்ளன. இங்கே அவர்களை என் வேனில் வழங்கிய பட்டப்பெயர்களால் குறிப்பிடுகிறேன். என் மகள் ‘ரேடியோ’, வாய் ஓயாது. இரண்டாமவள் ‘கணக்கு’. தண்டிக்கப்பட்டவள் ‘சந்தேகம்’. அரசாங்க மனுவில் பட்டப்பெயர் எழுதுவது முறையல்ல என்று தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் மேல் வந்த பழி எப்படிப்பட்டது என்று புரிய, அவளை எல்லோரும் ‘சந்தேகம்’ என்று அழைத்தது தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. நான் பல ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறேன். விடிந்ததும் முதல் நடையாக, ஊருக்கு வெளியே சோப்புக் கட்டிகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவேன். திரும்பி வந்து, வண்டியைக் கூட்டித் துடைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவேன். இந்த முதல் நடை பற்றிப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். நான் படித்த காலத்தில் இயற்பியல் என்றாலே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவேன். கீழே வரும் அறிவியல் செய்திகள் எவையும் என் சொந்தச் சரக்கு அல்ல. பிள்ளைகள் எனக்குப் புரியும்வரை விடாமல் சொல்லிக் கொடுத்தவை.

2. அவர்களுடைய இயற்பியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஏன் டீச்சர்’. மகள் வேனிலேயே விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஒருமுறை மாடிக்குச் சென்றபோது, அவருடைய வகுப்பைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சுகள் கரும்பலகையைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்துக் கிடந்தன. மூன்று மூன்று பேராகப் பிள்ளைகள், நடுவில் ஒரு சிலேட்டு. சந்தைக்கடை தோற்றது, அப்படியொரு சத்தம். ஆசிரியை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாடம் நடத்தாமல் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

3. அந்த வகுப்பின் வழக்கத்தைத் தாங்கள் தெரிந்துகொள்வது மிக அவசியம். இந்த வழக்கே அந்த வழக்கத்தில்தான் நிற்கிறது. ஆசிரியை ஒரு கேள்வியைக் கொடுப்பார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு ஊகத்தை எழுத வேண்டும். பிறகு மூவரும் வாதாட வேண்டும். பிறகு செய்து பார்க்க வேண்டும். மூவருக்கும் ஒரே முடிவு வந்ததும் ஆசிரியை அந்தக் குழுவிடம் வருவார். ‘உங்கள்ல கடைசியா நம்பினது யாரு?’ என்று கேட்பார். கடைசியாக நம்பியவர் எழுந்து நின்று, மற்ற இருவரும் முதலில் சொன்னது என்ன, தான் அதை நம்பாதது எதனால், பிறகு எது தன்னை நம்பவைத்தது என்று வகுப்புக்கே சொல்ல வேண்டும். அவர் நிற்கும்போது உட்கார்ந்திருக்கும் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிற்பவர் ‘இவங்க சொன்னாங்க, நான் நம்பல, அப்புறம் எழுதினேன்’ என்று தொடங்குவார். உடனே ஆசிரியை ‘ஏன்?’ என்பார். உண்மையான விளக்கம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வரும்.

கடைசியாக நம்புவது அந்த வகுப்பில் கேவலம் இல்லை. சும்மா தலையாட்டாத பிள்ளை என்று பொருள். அந்த இடத்தில் அநேகமாக எப்போதும் நின்றவள் ‘சந்தேகம்’தான்.

4. அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு ஒரு சான்று. என் இருக்கைக்கு நேர் பின்னால், சன்னலோரம் அவள் இடம். ஓடும் வேனில் ஒரு பொருளை மேலே தூக்கிப் போட்டால் அது கையிலேயே விழுமா, பின்னால் போய் விழுமா என்று ஒருநாள் மூவரும் சண்டை. கையிலேயே விழும் என்றார்கள் மற்ற இருவரும். வண்டிதான் முன்னால் போய்விடுகிறதே, எப்படிக் கையில் விழும் என்றாள் இவள். ‘அங்கிள், ஒரே வேகத்துல போங்க’ என்று எனக்கு உத்தரவு. போனேன். ரப்பரைத் தூக்கிப் போட்டாள், கையிலேயே விழுந்தது. பலமுறை போட்டும் கையிலேயே விழுந்தது. மற்ற இருவரும் கைதட்டினார்கள். இவள் விடுவாளா? ‘ரப்பர் மேல இருக்கறப்போ பிரேக் போடுங்க அங்கிள்’ என்றாள். ஏதோ ஞாபகத்தில் நானும் போட்டுத் தொலைத்தேன். ரப்பர் பறந்து வந்து என் பிடரியில் அடித்தது. நான் போட்ட சத்தத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். இவளோ, ‘இப்போ நம்பறேன்’ என்றாள். அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்று அதை விளக்கியவளும் அவள்தான்; என் பிடரியும் அந்த விளக்கத்தில் இடம்பெற்றதாகக் கேள்விப்பட்டேன்.

இப்படிப்பட்ட பெண், பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு அப்படியே எழுதினாள் என்று தங்கள் துறையின் ஆணை சொல்கிறது.

5. செய்முறைத் தேர்வு நாளன்று நடந்தது பின்வருமாறு. கருவிகள் போதவில்லை. ‘மூணு மூணு பேரா சேர்ந்து செஞ்சுக்குங்க, எழுதறது மட்டும் தனித்தனியா’ என்று சொன்னவர் தேர்வு அறைக் கண்காணிப்பாளரே. மேசை மாற்றவோ, ஒன்றாக அளவெடுக்கவோ பிள்ளைகள் தாமாகத் துணியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இவர்கள் மூவருக்கும் வந்தது தனி ஊசல் சோதனை. நூலில் கட்டித் தொங்கும் குண்டை ஆட்டிவிட்டு, அது இத்தனை முறை ஆட எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். புத்தகத்தில் உள்ள மதிப்பு ஒன்பது புள்ளி எட்டு. என் மகள் குண்டை விட்டாள். ‘கணக்கு’ ஆட்டங்களை எண்ணினாள். ‘சந்தேகம்’ கையில் கடிகாரம்.

இவர்களுக்கு வந்த விடை பத்துப் புள்ளி எட்டு.

6. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று மற்ற இருவரும் உடனே சொன்னார்கள். ‘சந்தேகம்’ நம்பவில்லை. கடிகாரத்தில் தவறு இல்லை, தன் விரல்தான் சரியான நேரத்தில் அழுத்தவில்லை என்று சொன்னாள். தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு மறுபடி அளந்தாள். அதே விடை. கடிகாரத்தைக் ‘கணக்கு’ கையில் கொடுத்து அளக்கச் சொன்னாள். அதே விடை. பிறகுதான் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தோடு ஒப்பிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒரு முழுச் சுற்று வரும்போது இவர்கள் கையில் இருந்தது ஐம்பத்தேழு நொடிதான் காட்டியது. திரும்பத் திரும்பப் பார்த்தும் ஐம்பத்தேழுதான். அப்போதுதான் அவள் நம்பினாள். வேறு கடிகாரம் கேட்டார்கள். ‘இருக்கறத வெச்சு முடிங்கம்மா’ என்று பதில் வந்தது.

முடித்தார்கள். பார்த்த அளவை மாற்றி எழுதக் கூடாது, விடை ஒத்துவராவிட்டால் காரணத்தை எழுத வேண்டும் என்பது ‘ஏன் டீச்சர்’ அவர்களுக்குப் போட்ட சட்டம். ஆகவே மூவரும் பத்துப் புள்ளி எட்டு என்றே எழுதி, கீழே ஒரு குறிப்பும் எழுதினார்கள்: இந்த நிறுத்துக் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தைவிட நிமிடத்துக்கு மூன்று நொடி மெதுவாக ஓடுகிறது, அதனால் விடை கூடுதலாக வந்துள்ளது, அளவுகளைத் திருத்தவில்லை. சேர்ந்து கண்டுபிடித்ததைச் சேர்ந்து சொன்னதால் மூவரின் குறிப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது.

7. அன்று காலை அதே மேசையில், அதே ஊசலில், அதே கடிகாரத்தில் வேறு குழுக்களும் தேர்வு செய்தன. அவர்கள் எல்லோருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வந்தது. மெதுவாக ஓடும் கடிகாரத்தில் சரியான விடை எப்படி வரும் என்று மகளிடம் கேட்டேன். ‘விடையிலேர்ந்து பின்னாடி நடந்து வந்தா வரும்ப்பா’ என்றாள். தெரிந்த விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி அளவுகளைத் தயாரிப்பதைத்தான் அப்படிச் சொன்னாள். அந்தப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய மதிப்பெண்ணில் யாரும் கை வைக்க வேண்டாம். ஆனால் கண்ணால் பார்க்காததை எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும், பார்த்ததை எழுதியவர்களுக்கு விசாரணையும் கிடைத்தது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை.

8. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மூன்று தாள்களிலும் ஒரே தவறான விடை, ஒரே குறிப்பு என்று அறிக்கை அளித்தார். இவ்வளவு தெளிவான குறிப்பை மாணவிகள் தாமாக எழுதியிருக்க வாய்ப்பில்லை என்ற வரியும் அதில் உள்ளது. பிள்ளைகள் யோசிக்க மாட்டார்கள் என்பதில் அவருக்கு இருந்த உறுதியை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

9. விசாரணை நாளன்று பெற்றோர் வராந்தாவில் நிறுத்தப்பட்டோம். உட்கார ஒரு பெஞ்சு, காலியான தண்ணீர்க் கேன், உள்ளே சுற்றும் மின்விசிறியின் கடகடப்பு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளே நடந்ததை என் மகளும் ‘கணக்கு’ம் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போகின்றன. (ஒத்துப்போவதே குற்றம் என்று தயவுசெய்து கொள்ள வேண்டாம்.) குழுத் தலைவர் கேட்ட கேள்வி: ‘இந்தக் குறிப்பை முதல்ல சொன்னது யாரு, கடைசியா எழுதினது யாரு?’

ஐயா, இரண்டு வருடம் ‘ஏன் டீச்சர்’ வகுப்பில் உட்கார்ந்த பெண்ணுக்கு இந்தக் கேள்வி எப்படிக் கேட்டிருக்கும் என்று சற்றே யோசித்துப் பாருங்கள். ‘சந்தேகம்’ உடனே எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்பது போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ‘முதல்ல சொன்னது இவங்க ரெண்டு பேரும் சார். நான் நம்பல. கடைசியா எழுதினது நான்தான்’ என்றாள். சொல்லிவிட்டு, வழக்கம்போல அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றாள்.

‘ஏன்?’ என்று யாரும் கேட்கவில்லை.

மற்ற இருவரும் வாயைத் திறக்கவில்லை. நிற்பவருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வகுப்புச் சட்டம் அல்லவா? அவள் எப்படியும் எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிடுவாள் என்று நம்பி, பெருமையோடு உட்கார்ந்திருந்தார்கள். குழு அந்த மௌனத்தையும் சாட்சியாக எடுத்துக்கொண்டது. மற்ற இருவர் கூறியதைக் கேட்டே தான் எழுதியதாக மாணவி தெரிவித்தார், மற்றவர்கள் மறுக்கவில்லை என்று எழுதப்பட்டது. கையெழுத்துக் கேட்டார்கள். அவள் போட்டாள்.

10. அவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள் என்பதை நான் மறக்கவே முடியாது. என்ன கேட்டார்கள் என்று நான் ஆவலாக விசாரித்ததற்கு, ‘ஒண்ணுமே கேக்கல அங்கிள், நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டாங்க, நல்லவங்க போல’ என்றாள் ‘சந்தேகம்’. அவள் தாயார் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் வேனில் ஒரே கும்மாளம். அதுதான் என் வண்டியில் அந்த மூவரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

சில வாரங்கள் கழித்து ஆணை வந்தது. இருவர் மீது நடவடிக்கை இல்லை. ஒருத்திக்கு, இயற்பியலில் மட்டுமல்ல, எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து இரண்டாண்டுத் தடை.

11. பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரைப் பார்த்தேன். ‘வகுப்புல பேசிப் பேசிப் பழகினதோட வினைதான் இது’ என்றார். குறைந்தபட்சம் அந்தக் கடிகாரத்தையாவது எடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டேன். அவர் ஆய்வகப் பணியாளரை அழைத்துக் கேட்டார். ‘அந்த ஓட்டைக் கடிகாரமா சார்? சரியா ஓடலன்னு பரீட்சை முடிஞ்சதும் தூக்கிப் போட்டாச்சே’ என்றார் அந்தப் பணியாளர், மிகச் சாதாரணமாக. தலைமையாசிரியர் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். சரியாக ஓடவில்லை என்று அந்தப் பிள்ளைகள் எழுதியது குற்றம். சரியாக ஓடவில்லை என்று பள்ளி தூக்கிப் போட்டது நிர்வாகம். இதில் எனக்கு விளங்காத நுட்பம் ஏதேனும் இருந்தால் தாங்கள் விளக்க வேண்டும்.

ஆசிரியையைப் பாடநூல் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தேன். கூரை வரை புத்தகக் கட்டுகள். நடுவில் ஒரு நாற்காலி. விசாரணையில் நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பெண் எழுந்து நின்ற இடம் வந்ததும் முகத்தை மூடிக்கொண்டார். ‘நான்தானேங்க எழுந்து நிக்கச் சொல்லிக் குடுத்தேன்’ என்றார். அவருடைய வகுப்பில் இப்போது பெஞ்சுகள் மறுபடி கரும்பலகையைப் பார்க்கின்றன. சத்தமே இல்லை என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

12. ‘சந்தேகம்’ நிலைமை: தகப்பன் இல்லாத பெண். தாயார் மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை செய்பவர். இரண்டு வருடம் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. ‘படிச்சுக் கிழிச்சது போதும்’ என்று தாய்மாமன் அவளைச் சோப்புத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். காப்பியடித்து மாட்டிய பெண் என்ற பேச்சு அவளுக்கு முன்பே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆகவே இப்போது விடிந்ததும் முதல் நடையில் அவள் என் வேனில் ஏறுகிறாள். அதே இடம், எனக்கு நேர் பின்னால், சன்னலோரம். அவளுக்குப் பக்கத்தில் இருவர் உட்காரும் அளவு இடம் இருந்தாலும் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்கிறாள். ஏறும்போது ‘அங்கிள்’ என்பாள், இறங்கும்போது ‘வரேன் அங்கிள்’ என்பாள். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. நானாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஏன் அங்கிள், எப்படி அங்கிள் என்று என் உயிரை வாங்கிய பெண், நான் என்ன சொன்னாலும் ‘ஆமா அங்கிள்’ என்கிறாள். வேண்டுமென்றே ஒருநாள், சூரியன் மேற்கே உதித்தாலும் உதிக்கும் போலிருக்கிறதே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ‘ஆமா அங்கிள்’ என்றாள்.

தொழிற்சாலை வாசலில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தாமதம் போடுவார்கள். போன வாரம் வண்டியை நிறுத்தியபோது அவள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என் வண்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக என்னையும் பார்த்தாள். வாசல் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. அதனால் சரியான நேரத்துக்கு வருகிறவர்களுக்கும் தாமதம் விழுகிறது. எனக்கு அதுவரை தோன்றாத விஷயம், அவள் பார்த்த பார்வையில்தான் விளங்கியது. சொல்வாள், சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் இறங்கி, தாமதமாக வந்தவர்களின் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

இரண்டாண்டுத் தடையை விட எனக்கு இதுதான் பெரிய தண்டனையாகத் தெரிகிறது. முன்பு அவள் கண்ணில் பட்டது வாயில் வரும். இப்போது வருவதில்லை. அதைச் செய்தவர்கள் நாம்.

13. எனக்கு ஏன் இந்த வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். ஆணை வந்த நாளிலிருந்து என் மகள் ‘ரேடியோ’ வீட்டில் பேசுவதில்லை. சான்றிதழ் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள், யாரும் தொடவில்லை. பிறகு ஒருநாள் சொன்னாள்: ‘அவ எங்களை நம்பினாப்பா. அவ எழுதினது தப்புன்னா, நாங்க சொன்னதும் தப்புதானே? அப்புறம் எனக்கு எதுக்கு மார்க்?’ நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

ஆனால் அவர்கள் விடவில்லை. ‘கணக்கு’ம் இவளும் சேர்ந்து எங்கள் வீட்டு வாசலில் கயிற்றில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டி, மெதுவாக ஓடும்படி செய்த பழைய கடிகாரம் ஒன்றை என் கையில் கொடுத்து, பலமுறை என்னையே அளக்க வைத்தார்கள்; ஒவ்வொரு முறையும் விடை கூடுதலாகவே வந்தது. எல்லோருக்கும் புரிந்த பிறகும் நான் நம்பவில்லை. என் மனைவிகூட என்னை முந்திவிட்டாள். வீட்டில் கடைசியாக நம்பியவன் நான். அந்த வகுப்பின் வழக்கப்படி, கடைசியாக நம்பியவன்தான் எழுந்து நின்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் இம்மனுவை நான் எழுதுகிறேன். மற்ற இருவரும் எனக்கு ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

மேற்கண்ட காரணங்களால் தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) மாணவி ‘சந்தேகம்’ மீதான தடையைக் கல்லூரிச் சேர்க்கை முடியும் முன் நீக்கி, அவளுடைய எல்லாப் பாட முடிவுகளையும் வெளியிட வேண்டும். சேர்க்கை முடிந்தபின் வரும் நல்ல பதிலால் அவளுக்குப் பயன் இல்லை.

ஆ) அது முடியாது என்றால், குற்றம் மூவருக்கும் பொது. என் மகளின் மதிப்பெண் சான்றிதழையும், ‘கணக்கு’ என்பவளின் சான்றிதழையும் அவர்களுடைய விருப்பப்படி, பெற்றோர் சம்மதத்துடன் இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளோம். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

இ) மறுவிசாரணை வைப்பதானால், அவளை மறுபடி எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அவள் சொல்லி முடித்ததும், யாராவது ஒருவர், தாங்களே ஆனாலும் சரி, ‘ஏன்?’ என்று கேளுங்கள். அவ்வளவு போதும். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். முன்பு போல் இருந்தால் பார்த்துக்கொள்வாள்.

ஈ) ஆசிரியையைக் கிடங்கிலிருந்து வகுப்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சத்தத்தை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

இம்மனுவில் மூன்று மாணவியரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்து, போன திங்கட்கிழமை முதல் நடையின்போது தாளை ‘சந்தேக’த்திடம் நீட்டினேன். முழுவதையும் படித்தாள். பேனாவைக் கையில் வாங்கினாள். பிறகு மூடியைப் போட்டு என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். ‘ஒரு தடவை போட்டதே போதும் அங்கிள்’ என்றாள். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கான இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். தங்கள் பதிலைக் கையில் கொண்டுபோய்க் காட்டி, அதன் பிறகு நிரப்பச் சொல்வதாக இருக்கிறேன்.

தங்கள் பதிலுக்காக வழிபார்த்திருக்கும்,

(ஒப்பம்)
பள்ளி வேன் ஓட்டுநர்

இடம்: பள்ளி வேன் நிறுத்தம்
நாள்: ஜூன் 19

இணைப்பு: மதிப்பெண் சான்றிதழ்கள் – இரண்டு (அசல்). பெயர், பதிவெண் அடங்கிய உறை – ஒன்று.

உடன் கையொப்பமிடுவோர்:

மாணவி ‘ரேடியோ’ – (ஒப்பம்)

மாணவி ‘கணக்கு’ – (ஒப்பம்)

மூன்றாம் மாணவியின் தாயார் – (ஒப்பம்)

மாணவி ‘சந்தேகம்’ –